ஆயில் எங்கே போகுது? ஏற்காடு மலை காட்டிக்கொடுக்கும் அறிகுறிகள்

டாஷ்போர்டில் சிவப்பு ஆயில் விளக்கு எரிகிறது, அதனால்தான் இதைத் தேடி வந்தீர்கள் என்றால், முதலில் இன்ஜினை அணையுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

என்னிடம் இருப்பது இரண்டு கதவு வண்டி. இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோல், நேரடி இன்ஜெக்‌ஷன், மூன்றாவது கையாக வாங்கியது. விற்றவர் "ஒரு சொட்டு ஆயில் குறையாதுங்க" என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார். குறைந்தது. வீடு சேலத்தில் அஸ்தம்பட்டிப் பக்கம். ஞாயிறு விடிந்தால் கோரிமேடு, அடிவாரம், இருபது கொண்டை ஊசி வளைவு, மேலே ஒரு காபி, திரும்ப இறக்கம். பெங்களூர் ரோட்டில் நாள் முழுக்க ஓட்டினாலும் வெளியே வராத நோய், இந்த முப்பது கிலோமீட்டரில் வந்துவிடும். சேலம் கடல்மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டருக்குள், ஏற்காடு ஆயிரத்து ஐந்நூறு. ஏறும்போது இன்ஜின் ஒரு குணம் காட்டும், இறங்கும்போது வேறு குணம், மேலே பனியில் நிறுத்தி வைத்து எடுத்தால் இன்னொன்று.

அதனால் இங்கே ஒவ்வொரு அறிகுறியையும் அது எந்த இடத்தில், எந்த நேரத்தில் தெரிகிறது என்பதோடு சேர்த்தே எழுதுகிறேன். "புகை வருதுண்ணே" என்று மட்டும் சொன்னால் மெக்கானிக்குக்குப் பாதிக் கதைதான் போய்ச் சேரும். "மலை இறங்கி முடிச்சு, ஆக்சிலேட்டரை மிதிச்சதும் ஒரு தடவை வருதுண்ணே" என்றால் அவர் கை எந்த ஸ்பேனருக்குப் போக வேண்டும் என்று அப்போதே முடிவாகிவிடும்.

விளக்கு எரிகிறது

சிவப்பா மஞ்சளா என்று பாருங்கள். சிவப்பு அழுத்தத்தைச் சொல்வது. ஆயில் பம்ப் தள்ளும் அழுத்தம் ஏறத்தாழ இல்லாமலே போன பிறகுதான் பெரும்பாலான வண்டிகளில் அது எரியும். முன்னெச்சரிக்கை என்று அதை நினைக்கவே கூடாது. பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க்கும் அதைத் தாங்கும் பேரிங்கும் உலோகத்தோடு உலோகம் உரசாமல் இருப்பது இடையில் ஓடும் மெல்லிய ஆயில் படலத்தால்தான். அது அறுந்தபின் "அடிவாரம் வரைக்கும் உருட்டிட்டுப் போயிடலாம்" என்று போனால், இன்ஜினைப் பிரிக்கும் செலவில் முடியும். ஓரம் கட்டி, அணைத்து, அளவு பாருங்கள். அளவு சரியாக இருந்தும் சிவப்பு எரிந்தால் ஸ்டார்ட் செய்யாதீர்கள், டோ வண்டி கூப்பிடுங்கள். விளக்குக்குக் காரணம் வெறும் பிரஷர் ஸ்விட்ச் பழுதாகவும் இருக்கலாம். ஆனால் அதை முடிவுசெய்ய வேண்டியது மெக்கானிக்கல் கேஜ் மாட்டிப் பார்க்கும் பட்டறை, மலைச்சாலையில் நிற்கும் நாம் அல்ல.

மஞ்சள் அளவைச் சொல்வது. வளைவுக்கு நடுவில் எரிந்தால் பதறி அங்கேயே நிறுத்த வேண்டாம். ஓரம் அகலமாக, சமமாக இருக்கும் இடம் வரை மெதுவாகப் போய்ப் பாருங்கள். சரிவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்குவதால் சென்சார் ஏமாந்தும் எரியும். சமதரைக்கு வந்ததும் தானாக அணைந்தால்கூட, அளவு கீழ்க்கோட்டை நெருங்கிவிட்டது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

ஸ்டிக்கை ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் ஒவ்வொரு அளவு

இதில் தப்பு அநேகமாக வண்டியுடையது அல்ல, நம்முடையது. என் கதையையே சொல்கிறேன்.

வாங்கிய புதிதில் ஏற்காட்டில், சரிவான சந்தில் நிறுத்தி, டீ குடித்துவிட்டு வந்து பெருமையாகப் பானெட்டைத் திறந்தேன். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான ஸ்டிக்கில் ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே. நெஞ்சு படபடத்தது. டிக்கியில் இருந்த ஒரு லிட்டர் டப்பாவை அப்படியே முழுசாகக் கவிழ்த்தேன். இறங்கும்போது கண்ணாடியில் பார்த்தால் பின்னால் ஒரே புகை மூட்டம், பஸ்காரர் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே முந்திப் போனார். கீழே பெட்ரோல் பங்க்கின் சமதரையில் நிறுத்தி அளந்தால், மேல்கோட்டைத் தாண்டி இரண்டு விரல் உயரம். ஆயில் குறையவே இல்லை. வண்டி சாய்ந்து நின்றிருக்கிறது, அவ்வளவுதான்.

மறுநாள் பட்டறை அண்ணன் சிரிக்காமல் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "ஊத்தறதுக்கு முன்னாடி பாக்கணும் கண்ணு. ஊத்திட்டுப் பாத்து என்ன பண்றது?"

அன்றிலிருந்து என் முறை இதுதான். இடம் எப்போதும் ஒன்றே. ஏற்காட்டில் சமமான தரை தேடுவது வீண்வேலை. பெட்ரோல் பங்க்கில் காற்றடிக்கும் இடத்துப் பக்கம் தரை பெரும்பாலும் மட்டமாக இருக்கும், நான் அங்கேதான் பார்ப்பேன். சந்தேகமிருந்தால் தண்ணீர் பாட்டிலைப் படுக்க வைத்துப் பாருங்கள், உருண்டால் தரை மட்டமில்லை. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு அணைத்து, பத்து நிமிடம் விடுவேன். இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டில் இருக்கும் ஆயில், அடியில் உள்ள தொட்டியான சேம்பருக்கு இறங்கி வர அந்த நேரம் வேண்டும். அணைத்த மறுநிமிடமே பார்த்தால் குறைவாகத்தான் காட்டும்.

ஸ்டிக்கை முதல் முறை உருவியதும் பார்க்கவே வேண்டாம், பனியன் வேஸ்டில் துடையுங்கள். ஓட்டும்போது குழாய்ச் சுவரில் அடித்து ஒட்டிய ஆயில் அதில் பூசியிருக்கும். துடைத்து, தட்டும் வரை உள்ளே அழுத்தி, இரண்டு மூச்சு விட்டு எடுங்கள். நுனி கீழே இருக்கட்டும். தலைகீழாகத் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பவர்களுக்கு ஆயில் மேலே ஓடிப் பொய் சொல்லும். இரு பக்கமும் பாருங்கள். பெரும்பாலும் ஒரு பக்கம் உயரமாகக் காட்டும், தாழ்வாகக் காட்டுவதையே கணக்கில் வையுங்கள். புதிதாக ஊற்றிய பளிங்கு நிற ஆயில் கண்ணுக்கே தெரியாது. வெள்ளை டிஷ்யூ பேப்பரில் ஸ்டிக்கை லேசாகப் படுக்க வைத்தால் ஈரம் எங்கே முடிகிறது என்று கோடு கிடைக்கும்.

பழைய வண்டிகளில் இன்னொரு ஆபத்து: ஸ்டிக்கின் பிளாஸ்டிக் கைப்பிடியும், அது உட்காரும் பிளாஸ்டிக் புனலும் பல வருடச் சூட்டில் அப்பளம் மாதிரி ஆகியிருக்கும். முறுக்கி இழுத்தால் உடைந்து துண்டு குழாய்க்குள் விழும். நேராக, மெதுவாக இழுங்கள். விரிசல் தெரிந்தால் உடையும் முன்பே மாற்றிவிடுங்கள், விலை பெரிதில்லை.

ஸ்டிக்கே இல்லாத வண்டிகளும் உண்டு. பி.எம்.டபிள்யூ. இஸட்4-இன் 35ஐ மாதிரி வண்டிகளில் அளவை டிஸ்ப்ளேயில்தான் பார்க்க வேண்டும். அதற்கும் மட்டமான தரையும் சூடான இன்ஜினும் வேண்டும், கொஞ்சம் பொறுமையும் வேண்டும். போர்ஷ பாக்ஸ்டரில் இன்ஜின் நடுவில் இருப்பதால் ஆயில் ஊற்றும் மூடி பின் டிக்கிக்குள் இருக்கும். முதல் முறை முன்னால் திறந்து தேடி அசடு வழியாதீர்கள், அங்கே பெட்டி வைக்கும் இடம்தான் இருக்கும். காற்றால் குளிரும் பழைய 911-இல் கதையே தலைகீழ்: அதில் ஆயில் தனித் தொட்டியில் இருப்பதால், இன்ஜின் சூடாக ஐட்லிங்கில் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும். அணைத்துவிட்டுப் பார்த்து ஊற்றினால் அதிகமாகிவிடும். ஆக, என் முறையைவிட உங்கள் வண்டியின் கையேடு சொல்வதே பெரிது. கையேடு இல்லாமல் வாங்கியிருந்தால், முதல் வேலையாக அதைத் தேடிப் பிடியுங்கள்.

அளவு குறைந்திருக்கிறது, வேறு தொந்தரவு ஒன்றும் இல்லை

ஊற்ற வேண்டியதுதான். எவ்வளவு, எதை என்பதில்தான் சிக்கல்.

எவ்வளவு: பல வண்டிகளில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடைவெளி சுமார் ஒரு லிட்டர். சிலவற்றில் அதைவிடக் குறைவு. பாதியில் நின்றால் அரை லிட்டர் போதும் என்று மனக்கணக்கு வரும், ஆனாலும் ஒரே மூச்சில் ஊற்றாதீர்கள். கால் லிட்டர் ஊற்றி, ஐந்து நிமிடம் விட்டு, மறுபடி ஸ்டிக். நான் மேல்கோட்டுக்கு ஒரு நூல் கீழேயே நிறுத்திக்கொள்வேன். புனல் இல்லாமல் ஊற்றினால் நாலு சொட்டு எக்ஸாஸ்ட் மேல் விழுந்து, அடுத்த அரை மணி நேரம் வண்டி எரிகிறதோ என்று நீங்களே பயப்படுவீர்கள். ஊற்றியதும் மூடியைப் போட்டோமா என்று கையால் தொட்டுப் பார்த்துவிட்டுப் பானெட்டை மூடுங்கள். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, ஒரு முறை கோரிமேட்டில் மூடியை பேட்டரி மேலேயே வைத்துவிட்டுக் கிளம்பியவன் நான்.

எதை: சேலம் லாரி ஊர். சங்ககிரி, நாமக்கல் எல்லாம் கூப்பிடு தூரம். இங்கே ஆயில் கடைக்குப் போய் நின்றால் கை முதலில் போவது 15டபிள்யூ-40 டீசல் ஆயில் பக்கெட்டுக்குத்தான். அது நல்ல ஆயில்தான், லாரிக்கு. அதில் சாம்பல் தரும் சேர்மானங்கள் கூடுதல். எக்ஸாஸ்ட் புகையைச் சுத்தமாக்கும் பெட்ரோல் வண்டியின் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்கு நாளடைவில் அது ஆகாது. நேரடி இன்ஜெக்‌ஷன் டர்போவில் இன்னொரு சங்கதியும் உண்டு. கால்சியம் சேர்மானம் அதிகமான ஆயிலில், குறைந்த ஆர்.பி.எம்.மில் அழுத்தி மிதிக்கும்போது, தீப்பொறி வருமுன்பே கலவை தானாகப் பற்றிப் பிஸ்டனையே உடைக்கும் வாய்ப்பு கூடுகிறது. ஆயில் தரம் வகுக்கும் அமெரிக்க அமைப்பான ஏ.பி.ஐ. 2018-இல் எஸ்.என். பிளஸ் என்ற தரத்தையும், 2020-இல் எஸ்.பி. தரத்தையும் கொண்டு வந்ததற்கு இது முக்கியமான காரணம்.

அடுத்த அறிவுரை, "நம்ம ஊரு வெயிலுக்கு 20டபிள்யூ-50 கெட்டியா ஊத்துங்க சார்." கேட்கச் சரி போலத்தான் இருக்கும். ஆனால் இன்ஜின் சூடானபின் ஆயிலின் சூடு நூறு டிகிரிக்கு அக்கம்பக்கத்தில் நிற்கிறது. வெளியே சேலத்துச் சித்திரை வெயில் நாற்பதா, ஏற்காட்டு மார்கழிக் குளிர் பதினைந்தா என்பது அதற்குப் பெரிய விஷயமில்லை. 5டபிள்யூ-40 என்ற ஆயிலில் பின்னால் வரும் 40 என்ற எண்ணே நூறு டிகிரியில் அளந்து வைத்த கெட்டித்தன்மைதான். முன்னால் இருக்கும் 5டபிள்யூ குளிரில் ஸ்டார்ட் ஆகும் குணம், மைனஸ் முப்பது டிகிரிக் கணக்கு. அது நமக்குத் தேவைப்படாது. ஆனால் காலையில் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனருக்கும் வால்வு டைமிங் யூனிட்டுக்கும் ஆயில் சீக்கிரம் போய்ச் சேருவது நமக்குத் தேவை, கெட்டி ஆயில் அதற்கு நேரம் எடுக்கும். கெட்டி ஆயிலுக்கு இன்னொரு உபயோகமும் உண்டு: விற்கும் வண்டியில் புகையைச் சில வாரம் மறைத்து வைக்கும். வாங்கப் போகும் வண்டியில் எந்த ஆயில் இருக்கிறது என்று பில்லோடு கேளுங்கள்.

டப்பாவின் முன்பக்கப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள். ஃபோக்ஸ்வாகன், ஆடி என்றால் 502 00, பி.எம்.டபிள்யூ. என்றால் எல்.எல்.-01, மெர்சிடிஸ் என்றால் 229.5, போர்ஷ என்றால் ஏ40. இப்படிக் கம்பெனி ஒப்புதல் எண் அங்கே இருக்கும். இவை ஒரு குறிப்பிட்ட காலத்துப் பெட்ரோல் வண்டிகளுக்கான எண்கள், உங்கள் வருட மாடலுக்கு எது என்பது கையேட்டில் இருக்கும். எண் ஒத்துப்போனால் பிராண்டு மாறினாலும் கலக்கலாம், ஒன்றும் திரிந்துவிடாது.

மேலே ஏற்காட்டில் மாட்டிக்கொண்டால்? பெரும்பாலும் பைக் ஆயில்தான் கிடைக்கும். அளவு கீழ்க்கோட்டுக்கும் கீழே என்று உறுதியாகத் தெரிந்தால், முந்நூறு மில்லி ஊற்றி மெதுவாக இறங்கி வந்து பிறகு மாற்றிக்கொள்ளலாம், வெறும் சேம்பரைவிட அது மேல். கியர் ஆயில், டூ-ஸ்ட்ரோக் ஆயில் மட்டும் கூடவே கூடாது. இந்த வம்பே வேண்டாம் என்றுதான் டிக்கியில் ஒரு லிட்டர், நிற்க வைத்து, பாலித்தீன் பையில் கட்டி, எப்போதும் வைத்திருக்கிறேன்.

ஊற்ற ஊற்றக் குறைகிறது

"அடிக்கடி" என்று சொல்லாமல் எண்ணாகச் சொல்லப் பழக வேண்டும். ஒரு நாள் மேல்கோட்டுக்குச் சரியாக நிரப்பி, மீட்டரை எழுதி வையுங்கள். 61,200 என்று வைத்துக்கொள்வோம். 62,400-இல் அதே இடம், அதே சூடு, அதே பத்து நிமிடம். மறுபடி அதே கோட்டுக்கு வர 400 மில்லி பிடித்தது என்றால், 1,200 கிலோமீட்டருக்கு 400. அதாவது ஆயிரத்துக்கு 330 மில்லிக்குக் கொஞ்சம் மேல். ஃபோக்ஸ்வாகன், ஆடி கையேடுகள் ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை ஏற்கத்தக்கது என்றே சொல்கின்றன. மாருதி ஓட்டிப் பழகிய நம் வீட்டுப் பெரியவர்களிடம் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள். என் கருத்து: அரை லிட்டர் என்பது வாரன்ட்டி சண்டைக்கான எல்லைக்கோடு. நல்ல இன்ஜினின் அடையாளம் என்று அதை எடுத்துக்கொள்ள முடியாது. எண்ணைவிட முக்கியம் அது ஏறுகிறதா என்பது. இருநூறில் பல மாதம் நிற்கும் வண்டியோடு வாழலாம். இருநூறு, முந்நூறு, நானூற்றைம்பது என்று ஏறுவதை விடக் கூடாது.

பிஸ்டன் இன்ஜின் அல்லாமல் வாங்கல் என்ற ரோட்டரி இன்ஜின் வைத்த மாஸ்டா ஆர்.எக்ஸ்-8 யாரிடமாவது இருந்தால், இந்தக் கணக்கே அதற்கு இல்லை. உள் சீல்களுக்கு வழுவழுப்பு தர, அது ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக எரிப்பதுபோலத்தான் வடிவமைத்திருக்கிறார்கள். அந்த வண்டிக்காரர் ஸ்டிக்கைப் பார்க்காமல் இருக்கவே முடியாது.

நீலப் புகை

இதற்குத்தான் மலை வேண்டும். முதலில் நிறத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். காலைக் குளிரில் வந்து மறையும் வெள்ளை, வெறும் நீராவி. மறையாமல் இனிப்பு வாடையோடு வரும் வெள்ளை, கூலன்ட். கறுப்பு, பெட்ரோல் அதிகம். நீலம் கலந்த சாம்பல் நிறமும், கண்ணைக் கரிக்கும் வாடையும்தான் ஆயில்.

வழியில் ஒரு வேலை செய்யுங்கள். டிராஃபிக் ஏறுமுன், விடிகாலையில், பின்னால் ஒரு நண்பர் பைக்கில் வரட்டும். ஓட்டுகிறவர் கண் சாலையில் இருக்கட்டும், புகையை அவர் பார்ப்பார். மூன்று இடம் முக்கியம்.

முதல் இடம் வீட்டு வாசல். ராத்திரி முழுக்க நின்ற வண்டியை எடுத்ததும் ஒரே ஒரு நீலக் குமிழ், பிறகு சுத்தம் என்றால் வால்வு சீல் மேல் சந்தேகம். நின்ற நேரத்தில் ஹெட்டிலிருந்து வால்வுத் தண்டு வழியாக ஆயில் சொட்டி உள்ளே தேங்கியிருக்கிறது.

இரண்டாவது, ஏற்றம். அடிவாரம் செக்போஸ்ட் தாண்டி மூன்றாவது, நான்காவது வளைவுக்கு இடையில் இரண்டாம் கியரில் அழுத்தி மிதிக்கும்போது புகை விடாமல் வந்தால், பிஸ்டன் ரிங் தேய்ந்தோ ஒட்டியோ இருக்கலாம், டர்போவும் இருக்கலாம். டர்போவா என்று பார்க்க, டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாயைக் கழற்றுங்கள். உள்ளே லேசான ஈரப்பசை எல்லா வண்டியிலும் இருக்கும். குழாயைச் சாய்த்தால் ஆயில் ஒழுகுகிறது என்றால் டர்போ சீலையோ, இன்ஜினுக்குள் சேரும் ஆவியை இன்டேக்குக்குத் திருப்பிவிடும் பி.சி.வி. வால்வையோ பார்க்க வேண்டும்.

மூன்றாவதுதான் பொக்கிஷம்: இறக்கம். மேலிருந்து இரண்டாம் கியரில், ஆக்சிலேட்டரைத் தொடாமல், இன்ஜின் பிடியிலேயே இறங்குங்கள். பிரேக்குக்கும் அதுதான் நல்லது. அப்போது த்ராட்டில் மூடியிருக்கிறது, பிஸ்டனோ வேகமாக உறிஞ்சுகிறது. இன்டேக் பக்கம் வெற்றிடம் உச்சத்தில் இருக்கும். வால்வு சீல் இறுகி வறண்டிருந்தால் அந்த வெற்றிடம் ஆயிலைச் சொட்டுச் சொட்டாக இழுத்துக்கொண்டே வரும், ஆனால் எரிக்காது. கடைசி வளைவு தாண்டி நேர்ச்சாலையில் மிதித்ததும் சேர்த்து வைத்ததெல்லாம் ஒரே மூச்சில் நீலமாகக் கிளம்பும், இரண்டு மூன்று வினாடியில் தீர்ந்துவிடும். சமதரையில் நாளெல்லாம் ஓட்டினாலும் இத்தனை நிமிடம் தொடர்ச்சியாக இந்த வெற்றிடத்தை உண்டாக்க முடியாது. இருபது வளைவு இறங்கினால் கிடைத்துவிடுகிறது.

ஒரு எச்சரிக்கை: தேய்ந்த ஆயில் ரிங்கும் இறக்கத்தில் கொஞ்சம் இழுக்கும். இறக்கத்தில் மட்டும் புகை, ஏற்றத்தில் சுத்தம் என்றால் வால்வு சீல் பக்கம் தராசு சாயும். இரண்டிலும் புகை என்றால் ரிங். கம்ப்ரஷன் பார்த்து "எல்லா சிலிண்டரும் சரியா இருக்கு, ரிங் நல்லா இருக்கு" என்று சொன்னால் அதையும் முழுசாக நம்ப வேண்டாம். மேலே இருக்கும் கம்ப்ரஷன் ரிங் நன்றாகவே இருந்து, அடியில் இருக்கும் ஆயில் ரிங் மட்டும் கரி பிடித்து ஒட்டியிருக்கலாம். சில டர்போ இன்ஜின்களில் அதுதான் கதை. அப்போது கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் ஆயிலை எரித்துவிடுவதால் புகையே தெரியாமல் லிட்டர் கணக்கில் குடிக்கும். பிளக்கைக் கழற்றுங்கள். எந்த சிலிண்டரின் பிளக் ஆயில் நனைந்து கறுத்திருக்கிறதோ அதுதான் குடிகாரன்.

என் வண்டிக்கு நடந்தது இது. ஆறு வாரம் குறித்து வைத்த நோட்டை அண்ணனிடம் நீட்டினேன். காலை ஸ்டார்ட்: லேசாக. ஏற்றம்: இல்லை. இறங்கி மிதித்தால்: உண்டு. ஆயிரத்துக்கு 280.

"இதெல்லாம் நீயா எழுதுன?"

"ஆமாங்ணா."

"வால்வு சீலு கண்ணு. ரிங்கு இல்ல. வெள்ளிக்கெழம காலைல விட்டுட்டுப் போ."

புகை இல்லை, கருகல் வாடை

சூடான வண்டியை நிறுத்தியதும் ஏசி துவாரம் வழியாக வடைச் சட்டி கருகிய மாதிரி வாடை வந்தால், இன்ஜினின் மேல்மூடியான டப்பெட் கவரின் பேக்கிங்கில் ஆரம்பியுங்கள். அங்கே கசிந்து எக்ஸாஸ்ட் மேல் இறங்கும் ஆயில் அங்கேயே எரிந்துவிடும், தரைக்கு வராது. தரையில் சொட்டு இல்லை என்பதால் லீக் இல்லை என்று நினைப்பதுதான் இந்த வகை வண்டிகளில் பெரிய ஏமாற்று. அடியில் பிளாஸ்டிக் தட்டு மூடியிருக்கும், ஆயில் அதில் குளம் கட்டி நிற்கும். தட்டைக் கழற்றாமல் லீக் பார்த்ததாகச் சொல்லும் பட்டறையிடம் மறுபடி கழற்றச் சொல்லுங்கள். கழற்றியபின் சுத்தமாகத் துடைத்து, ஒரு முறை மலை ஏறி இறங்கி வந்து பார்த்தால் ஈரம் எங்கே தொடங்குகிறது என்று தெரியும். ஓட்டும் காற்று ஆயிலைப் பின்னால் தள்ளும், அதனால் ஈரத்தின் மேல்முனையையும் முன்முனையையும் தேடுங்கள். வழக்கமான குற்றவாளிகள் ஃபில்டர் ஹவுசிங் பேக்கிங், டிரெயின் போல்ட் வாஷர், டர்போவுக்குப் போகும் வரும் குழாய்கள், பிரஷர் ஸ்விட்ச். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஈரம் என்றால் பின் ஆயில் சீல், அதற்குக் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். கிளட்ச் வேலை வரும் வரை காத்திருந்து இரண்டையும் ஒன்றாகச் செய்யலாம், கசிவு சின்னதாக இருந்தால்.

வளைவில் மட்டும் சிவப்பு மின்னுகிறது

அளவு பாருங்கள். ஏறக்குறைய எப்போதும் குறைவாகத்தான் இருக்கும். ஏற்றத்தின் சாய்வு, வளைவின் இழுப்பு, ஆக்சிலேட்டர் மூன்றும் சேர்ந்தால் கொஞ்சமாக இருக்கும் ஆயில் ஒரு மூலைக்கு ஓடி, உறிஞ்சு குழாய் காற்றை உறிஞ்சுகிறது. அளவு சரியாக இருந்தும் மின்னினால், சேம்பருக்குள் உறிஞ்சு குழாயின் வலை அடைத்திருக்கலாம். பல வருடம் ஆயில் மாற்றாமல் ஓட்டிய வண்டிகளில் தார் போலப் படிந்திருக்கும். சூடான ஐட்லிங்கில் மின்னி, கொஞ்சம் ரேஸ் செய்ததும் அணைவது வேறு: ஆயில் நீர்த்திருக்கிறது, அல்லது பேரிங், பம்ப் தேய்ந்திருக்கிறது. இரண்டுக்கும் கேஜ் மாட்டாமல் யாரும் ஆரூடம் சொல்ல முடியாது.

மூடியில் பால் கோவா மாதிரி

ஏற்காட்டில் வீடு வைத்திருக்கும் நண்பர்கள் மழைக்காலத்தில் பதறி போன் செய்வது இதற்குத்தான். மூடியின் உட்பக்கம் மட்டும் வெளிர் மஞ்சள் நுரை, ஸ்டிக்கில் ஆயில் சுத்தம் என்றால் அது பனிமூட்டத்து ஈரம். ஏரிக்கும் கடைவீதிக்குமாக இரண்டு கிலோமீட்டர் ஓட்டினால் இன்ஜின் சூடாகாது, ஈரம் ஆவியாகாது. துடைத்துவிட்டு மேட்டூர் வரை ஒரு நடை போய் வாருங்கள். ஸ்டிக்கிலேயே ஆயில் காபி நிறத்தில் இருந்தாலோ, கூலன்ட் குறைந்துகொண்டே வந்தாலோ, கூலன்ட் தொட்டியில் ஆயில் மிதந்தாலோ ஹெட் கேஸ்கட் அல்லது ஆயில் கூலர். ஓட்டாதீர்கள்.

அளவு ஏறுகிறது

ஊற்றாமலே ஏறினால் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்தால், எரியாத பெட்ரோல் சேம்பருக்குள் இறங்குகிறது. நேரடி இன்ஜெக்‌ஷன் வண்டியைத் தினமும் பள்ளிக்கூடம், மார்க்கெட் என்று குறுந்தூரம் ஓட்டினால் கொஞ்சம் நடக்கும். வேகமாக ஏறினால் இன்ஜெக்டர் ஒழுகுகிறது அல்லது ஹை பிரஷர் பம்ப் சீல் போய்விட்டது. காரணத்தைச் சரிசெய்து, ஆயிலை முழுசாக மாற்றுங்கள். நீர்த்த ஆயிலோடு மலை ஏறுவது சிவப்பு விளக்கைத் தேடிப் போவது.

அதிகமாக ஊற்றிவிட்டேன்

என் சங்கத்துக்கு வரவேற்கிறேன். ஒரு நூல் கூடியதற்குக் கவலை வேண்டாம். ஒரு விரல் கூடினால் கிராங்க் அதில் அடித்து நுரை கட்டும். நுரையை பம்ப் சரியாகத் தள்ளாது, ஆவிக்குழாய் வழியாக இன்டேக்குக்கு ஆயில் போகும், புகை வரும், கன்வர்ட்டரும் பாழாகும். மருந்துக்கடையில் ஐம்பது மில்லி சிரிஞ்ச், மீன்தொட்டிக் கடையில் மெல்லிய டியூப், இரண்டும் சேர்த்து ஸ்டிக் குழாய் வழியாக உறிஞ்சினேன். இருபது முறை இழுக்க வேண்டியிருந்தது. வெதுவெதுப்பாக இருக்கும்போது செய்யுங்கள், கொதிக்கும்போது வேண்டாம், டியூப் இளகும், கையும் வேகும். சில வண்டிகளில் அந்த வழியாக டியூப் சேம்பர் வரை போகாது. அப்போது டிரெயின் போல்ட்தான், அதைப் பட்டறையிலேயே செய்துகொள்ளுங்கள்.

ஐட்லிங்கில் விசில்

இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். கைக்கு வராமல் உள்ளே இழுத்துப் பிடித்தால், அல்லது திறந்ததும் விசில் நின்றால், பி.சி.வி.யின் ரப்பர் சவ்வு கிழிந்திருக்கிறது. ஆயில் குடிப்பதற்கு இது பெரிய காரணம், ஆனால் மிகச் சின்னச் செலவு. ரிங் மாற்றச் சொல்லும் எஸ்டிமேட்டுக்குத் தலையாட்டும் முன் இதைப் பார்க்கச் சொல்லுங்கள். மாறாக மூடி வழியாகப் புகை குபுகுபுவென்று வெளியே தள்ளினால், எஸ்டிமேட் போட்டவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம்.

காலையில் கரகர

ஸ்டார்ட் செய்ததும் ஒரு வினாடி சத்தம், பிறகு அமைதி என்றால் அளவு பார்த்துக்கொண்டு ஓட்டலாம். மூன்று வினாடிக்கு மேல் செயின் இழுபடும் சத்தம் வந்தால் டென்ஷனர். அளவு குறைந்த நிலையில் அதை ஓட்டினால் செயின் பல் தாண்டி, வால்வும் பிஸ்டனும் மோதும். லேசான டிக் டிக் மட்டும் என்றால் ஹைட்ராலிக் டப்பெட்டுக்கு ஆயில் போதவில்லை. ஊற்றியதும் பெரும்பாலும் அடங்கிவிடும்.

கடைசியாக, மிஞ்சும் சாமான்கள்

உறிஞ்சிய கறுப்பு ஆயிலைச் சாக்கடையில் விடாதீர்கள், மரத்தடியிலும் ஊற்றாதீர்கள். மூடி போட்ட கேனில் சேர்த்து, பழைய ஆயிலை மறுசுழற்சிக்குக் கொடுக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். புது ஆயிலின் காலி டப்பாவை முழுசாகக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். நல்ல பிராண்டு டப்பா மூடியோடு கிடைத்தால், அதில் கலப்பட ஆயிலை நிரப்பி மறுபடி கடைக்குக் கொண்டுவரும் ஆட்கள் இருக்கிறார்கள். அடியில் ஆணியால் இரண்டு ஓட்டை போட்டு, லேபிளைக் கிழித்துப் போடுங்கள்.